பாடியவரின் பங்கு

நம் இல்லங்களில் இளைஞர் ‘ரீமிக்ஸ்’ என்று சொல்லிக் கேட்கும் பாடல்களை, வெறும் ஆரவாரம் என்று ஒதுக்கிவிடுவோரும் உளர். முன்பே பதிவான பாட்டிலிருந்து குரலைப் பிரித்தெடுத்து, அதன்கீழ்ப் புதிய தாளத்தை அமைப்பதே ரீமிக்ஸ். அதனால் மறைந்து கிடந்த பாடலொன்று உலகெங்கும் ஒலிக்கத் தொடங்குவதும் உண்டு. அப்போது பாடியவருக்கு உரியது என்ன என்னும் வினாவை இவ்விதழில் எண்ணிப் பார்ப்போம்.

அமெரிக்கப் பாடகி சுசான் வேகா 1980களின் தொடக்கத்தில் ‘டாம்ஸ் டைனர்’ என்னும் பாடலை இயற்றினார். நியூயார்க் நகரின் உணவு விடுதி ஒன்றில் காலைக் காப்பியுடன் அமர்ந்திருக்கும் பெண் காண்பவற்றைச் சொல்லுவது அது. முடிவில் பேராலய மணியோசையும் அவள் செவியில் விழுகிறது. பியானோவுடன் பாடவே எண்ணினார். தமக்கு அக்கருவி வாசிக்கத் தெரியாமையால் துணையின்றித் தனிக்குரலிலேயே பாடினார். 1987இல் வெளிவந்த இசைத்தட்டின் முதற்பாடல் அதுவே. எனினும் அத்தட்டில் அடிபட்ட சிறுவனைப் பற்றிய ‘லூகா’ புகழ்பெற்ற அளவுக்கு இது பெறவில்லை. இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் 58ஆம் இடத்தோடு நின்றுவிட்டது.

1990இல் ‘டி.என்.ஏ.’ என்னும் பெயரில் இயங்கிய ஆங்கிலேய இளைஞர் இருவர், அக்குரலை எடுத்து, ‘சோல் டு சோல்’ குழுவினரின் தாளமொன்றின்மீது பொருத்தினர். பாட்டின் இறுதியில் பாடகி சொல்லின்றி முணுமுணுத்த சிறு இசையையே மீண்டும் மீண்டும் வருமாறு செய்தனர். எவரிடமும் இசைவு பெறாமலே தட்டாக்கி நடன அரங்குகளுக்கு அனுப்பினர். இது முறையன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. பிறர் உழைப்பைக் கேளாமல் எடுத்தல் ஏழாம் கட்டளைக்கு அப்பாற்பட்டதாகுமோ?

ஆயினும் வழக்கு எழவில்லை. பாடகி அதைக் கேட்டு மகிழ்ந்தார். அவருடைய நிறுவனமாகிய ஏ அண்டு எம், அதன் உரிமையை வாங்கி, அவர் பெயரையும் சேர்த்து வெளியிட்டது. இங்கிலாந்தில் 2ஆம் இடமும் அமெரிக்காவில் 5ஆம் இடமும் கிடைத்தன. இப்பாடலைப் பலர் பலவாறு மாற்றிப் பாடியவற்றைத் தொகுத்து 1991இல் ஒரு தட்டே வந்தது. (எம்.பி.3 முறையைச் செப்பனிட்ட ஜெர்மன் பொறியாளர் பிராண்டன்பர்க் சோதனைக்கு எடுத்துக்கொண்டது பழைய தனிக்குரல் பாட்டையே. துணையற்ற குரலில் சிறு குறையும் தெளிவாய்க் கேட்கும்.)

அதே 1990இல் ‘எனிக்மா’ என்னும் பெயரில் வெளியான ‘சேட்னஸ்’ நம்மை வேறுவகையில் உறுத்துகிறது. மியூனிக் நகரப் பாடகர் குழுவொன்று முன்னர்ப் பதிவு செய்த கிரகோரியன் இசையை, அதுவும் குருத்தோலைப் பவனிக்குரிய இலத்தீன் பாடலை, நடனத் தாளத்தோடு இணைத்தனர். அப்பாட்டின் பொருளோ கொடுமையில் இன்பம் கண்ட மார்க்கி தெ சாத் என்னும் பிரெஞ்சு எழுத்தாளன்! உலகமெங்கும் அது பெருவெற்றி பெற்றது. பின்னர் வழக்கு எழுந்து, இழப்பீட்டோடு முடிந்தது.

இரண்டிலும் இசைவு கேட்கப்படவில்லை. வேகாவின் பாட்டில் தாளம் மாறினும் அப்பெண்ணும் அவள் காலைப்பொழுதும் குலையாமல் நின்றன. மற்றதில் செபம் தன் பொருளையே இழந்தது. அமைதியுடன் புறப்படுவோம் என்று, குருத்துகளை ஏந்திய மக்களுக்கு விடுக்கப்படும் அழைப்பே அங்குத் தாளத்துக்கு இரையானது. அதே அழைப்பு ஆண்டுதோறும் நம் ஆலய முற்றத்தில், பவனி புறப்படும் வேளையில், தமிழில் ஒலிக்கிறது.