வலிக்கிறது என்றால் நம்புவோம்

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் பெரியோர் வாக்கு. ஆனால் பல் இருக்கும்போதே சொல் போய்விடுவதும் உண்டு. "வலிக்கிறது" என்று ஒரு குழந்தை சொல்லும் சொல்லை யாரும் நம்பாவிட்டால், அந்தச் சொல் இருந்தும் இல்லாததற்குச் சமம் அல்லவா? இந்த உண்மையை நாங்கள் ஏட்டில் படித்து அறியவில்லை. நாங்களே செய்த ஒரு தவற்றினால் அறிந்துகொண்டோம்.

இந்த ஆண்டு நம் பள்ளியில் பல் மருத்துவ முகாம் நடந்தது. சிறிய வகுப்புக் குழந்தைகளை வரிசையாக அழைத்துவரும் பொறுப்பைச் சிஸ்டர் பத்தாம் வகுப்பு மாணவியரான எங்களிடம் ஒப்படைத்தார். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நாற்காலியில் ஏற மறுத்தாள். "வேண்டாம் அக்கா, கூசும் அக்கா" என்று கெஞ்சினாள். "சும்மா நடிக்காதே, டாக்டர் ஊசி ஒன்றும் போடமாட்டார்" என்று அதட்டி, நாங்கள் இருவர் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம். பல்லை உலர்த்துவதற்காக டாக்டர் சிறிது காற்றை அடித்ததுதான் தாமதம், குழந்தை துடித்துப் போனாள். "வெறும் காற்றுக்கா இந்த அழுகை?" என்று எங்களில் ஒருத்தி சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. காற்றை உடனே நிறுத்திவிட்டு, பஞ்சால் பல்லை மெதுவாக ஒற்றிப் பார்த்தார். "முதலில் அவள் கையை விடுங்கள். அவள் சொன்னது உண்மை. இந்தப் பல்லுக்குக் காற்றும் வலிக்கும்" என்றார்.

எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. முகாம் முடிந்ததும் டாக்டரிடமும், பிறகு எங்கள் அறிவியல் ஆசிரியையிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறோம்.

நம் உடலிலேயே மிகவும் கடினமான பொருள் பல்லின் மேலுறையான எனாமல். அதன் எடையில் நூற்றுக்கு 96 பங்கு தாது உப்புக்களே. ஆறு வயதையொட்டி முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பற்களின் எனாமல், குழந்தை பிறந்தது முதல் ஏறத்தாழ மூன்று வயதுக்குள் தாடைக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. அந்தக் காலத்தில் ஏதேனும் இடையூறு நேர்ந்தால், தாது உப்புக்கள் போதிய அளவு சேராமல் எனாமல் சுண்ணக்கட்டியைப்போல் பொருபொருவென்று ஆகிவிடும். பல் முளைக்கும்போதே அதில் வெள்ளை, மஞ்சள் அல்லது பழுப்புத் திட்டுக்கள் இருக்கும். மெல்லும்போதே அது உதிர்வதும் உண்டு. எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைத்தபின் இருப்பதில்லை. ஆகவே உதிர்ந்த எனாமல் மீண்டும் வளராது.

கடைவாய்ப் பற்களையும் முன்பற்களையும் தாக்கும் இந்தக் குறைபாட்டுக்கு 'மோலார் இன்சைசர் ஹைப்போமினரலைசேஷன்' என்ற பெயர் 2001-ஆம் ஆண்டில்தான் முன்மொழியப்பட்டது. உலகக் குழந்தைகளில் நூற்றுக்கு 13 அல்லது 14 பேருக்கு இது இருக்கலாம் என்று 2018-இல் வெளியான ஆய்வுத் தொகுப்புக்கள் கணக்கிட்டன. அந்தக் கணக்குப்படி பார்த்தால், நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஐந்து பேருக்கு இருக்கக்கூடும்!

இதற்கு ஒரே காரணம் என்று எதுவும் கண்டறியப்படவில்லை. பிறப்பு நேரத்துச் சிக்கல்கள், குழந்தைப் பருவத்துக் காய்ச்சல் போன்ற நோய்கள், பரம்பரை ஆகியவற்றோடு தொடர்பு இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் நாம் என்ன சொல்கிறோம்? "மிட்டாய் தின்றாய், பல் துலக்கவில்லை, அதனால்தான் இப்படி" என்று குழந்தையைத் திட்டுகிறோம். இனிப்பும் சோம்பலும் இந்தப் பல்லை மேலும் கெடுக்கும் என்பது மெய்தான். ஆனால் அந்தப் பல் முளைக்கும்போதே பலவீனமாக முளைத்தது. மேலும், பல் துலக்கும்போது கூசுவதால்தான் அந்தக் குழந்தை துலக்கப் பயப்படுகிறது. வலிக்கு வலியும், பழிக்குப் பழியுமாக இரட்டைத் தண்டனை கொடுப்பது நியாயமா?

இனி மருத்துவத்தின்போது வரும் வலியைப் பார்ப்போம். நுண்துளைகள் நிறைந்த எனாமல் வழியாகக் குளிரும் கிருமிகளும் உள்ளே உள்ள பற்கூழை ஓயாமல் உறுத்துகின்றன. அதனால் அங்குள்ள நரம்புகள் எளிதில் சீறும் நிலையிலேயே இருக்கின்றன. மற்றவர்களுக்குப் போதுமான மரப்பு ஊசி இவர்களுக்குச் சில வேளைகளில் போதாமல் போவது இதனால்தான். "ஊசி போட்டாயிற்று, இனி வலிக்காது" என்று பெரியவர்கள் சொல்லும்போது, "இன்னும் வலிக்கிறது" என்று குழந்தை சொல்வது பிடிவாதம் அன்று, உடலின் உண்மை.

அதை நம்பாவிட்டால் என்ன ஆகும்? சுவீடன் நாட்டில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இக்குறைபாடு கடுமையாக இருந்த குழந்தைகளுக்கு ஒன்பது வயதுக்குள், மற்றக் குழந்தைகளைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு தடவை கடைவாய்ப் பல் மருத்துவம் செய்யவேண்டியிருந்தது. பல் மருத்துவத்தைப் பற்றிய பயமும் அவர்களிடம் அதிகமாக இருந்தது. ஒருமுறை கையைக் காலைப் பிடித்துச் செய்துவிட்டால், அடுத்த முறை அந்தக் குழந்தை வாயையே திறக்காது. வலியை மறைத்து மறைத்துக் கடைசியில் பல்லையே இழக்கும். ஆகவே வலியைக் குறைப்பது செல்லம் கொடுப்பது ஆகாது. அதுவே பல்லைக் காக்கும் முதல் வைத்தியம் என்பது எங்கள் கருத்து.

வலியைக் குறைக்க வழி இல்லையா? நிறைய இருக்கின்றன. பல்லைத் தொடும் முன்பே ஃபுளோரைடு வார்னிஷ் பூசிக் கூச்சத்தைத் தணிக்கலாம். பாதி முளைத்த பல்லைக் குடையாமலேயே 'கிளாஸ் அயனோமர்' என்ற சிமெண்டால் மூடிப் பாதுகாக்கலாம். இங்கிலாந்தில் உருவாகி 1972-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட இந்தச் சிமெண்டையும், சொத்தையைக் குடையாமல் பூசி நிறுத்தும் 'சில்வர் டையமைன் ஃபுளோரைடு' மருந்தையும் உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்துள்ளது. பின்னதைப் பூசிய சொத்தை கறுத்துவிடும் என்பதை மட்டும் பெற்றோர் முன்பே கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

ஊசி போட்டே ஆகவேண்டும் என்றால், முதலில் ஈறில் மரப்பு ஜெல் தடவிச் சில நிமிடம் காத்திருக்கலாம். மருந்தை மிக மெதுவாகச் செலுத்தலாம். நன்றாக மரத்துவிட்டதா என்று சோதித்த பிறகே தொடங்கலாம். மரக்கவில்லை என்றால் வேறு முறையில் மீண்டும் மரக்கச் செய்யலாம். டாக்டர் எடை பார்த்துச் சொன்னால் முன்கூட்டியே வலி மாத்திரை கொடுக்கலாம். மிகவும் பயந்த குழந்தைகளுக்குச் 'சிரிப்பு வாயு' எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடும் உதவும். உதிர்ந்துபோன பல்லுக்கு எஃகு உறை மாட்டலாம். இவை எல்லாவற்றையும்விட எளியதும் செலவில்லாததுமான வழி ஒன்று உண்டு. "வலித்தால் கையைத் தூக்கு, உடனே நிறுத்திவிடுவேன்" என்று டாக்டர் சொல்லி, சொன்னபடியே நிறுத்துவது!

"இத்தனைக்கும் டாக்டருக்கு நேரம் ஏது? எங்களுக்குப் பணம் ஏது? அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாம் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளவில்லையா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பல்லே வலிக்கும் குழந்தை எந்தப் பல்லைக் கடித்துப் பொறுக்கும்? ஜெல் தடவிக் காத்திருக்கும் சில நிமிடங்கள், பின்னால் அழுகையோடு போராடும் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆறு வயதில் பல்லை மூடிவிட்டால், பத்து வயதில் பெரிய வைத்தியத்துக்கு ஆகும் செலவைத் தவிர்க்கலாம். பல் மருத்துவக் கல்லூரிகளில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவும் இருக்கிறது.

அன்பார்ந்த பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல், எந்தப் பால்பல்லும் விழாமல் வரிசையின் கடைசியில் முளைக்கிறது. அதனால் அதையும் விழப்போகும் பால்பல் என்று எண்ணி விட்டுவிடுகிறோம். குழந்தையை வெளிச்சத்தில் நிறுத்தி அந்த நான்கு பற்களையும் பாருங்கள். திட்டுக்கள் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். கூச்சம் உள்ள குழந்தைக்குக் கரியும் செங்கல் பொடியும் வேண்டாம். மென்மையான பிரஷ், ஃபுளோரைடு உள்ள பற்பசை, வெதுவெதுப்பான நீர் போதும்.

பல் நோயால் வருந்துவோரின் பாதுகாவலி புனித அப்பொலோனியா. அலெக்சாந்திரியா நகரில் பற்கள் உடைக்கப்பட்டு வேதசாட்சியாக மரித்த அவருடைய திருநாள் பிப்ரவரி 9. ஆண்டுதோறும் அந்த நாளையொட்டி ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளின் கடைவாய்ப் பற்களை மருத்துவரைக் கொண்டு பார்க்க ஏற்பாடு செய்யும்படி நம் சிஸ்டர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அப்பொழுதும் குழந்தைகளை அழைத்துவர எங்கள் தங்கைகளாகிய ஒன்பதாம் வகுப்பினர் முன்வருவார்கள்.

தங்கைகளே, உங்களுக்கும் ஒரு சொல். முகாம் முடிந்த மறுநாள் இடைவேளையில் நாங்கள் அந்தச் சிறுமியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவள் எங்களைப் பார்த்ததும் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நாங்கள் பிடித்துக்கொண்ட கைகள் அவை. நீங்களும் நாளை ஒரு குழந்தையின் கையைப் பிடிப்பீர்கள். அவளை அசையவிடாமல் இருக்கப் பிடிக்காதீர்கள். துணையாக இருக்கப் பிடியுங்கள். வலிக்கிறது என்று அவள் சொன்னால், முதலில் நம்புங்கள்.

— பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு