யப்பானின் எச்சரிக்கை உச்சமுனைக்கு எட்டாதா?

குடும்பத்தோடு செல்வதற்கென்று வாங்கிய ஜீப் வண்டி மின்சாரக் கோளாறினால் நடுவழியில் நின்றுவிடுமாயின், அது வண்டிக்காரனின் தலைவிதி என்றே இந்நாட்டு அரசாங்கங்கள் நெடுங்காலமாகக் கருதி வந்திருக்கின்றன. அந்த வண்டி துறைமுகத்தில் இறங்கியபோது, பல வேளைகளில் அதன் இறக்குமதி விலையையே விஞ்சும் அளவுக்கு வரி வாங்கியவர்கள், பின்னர் அதனைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இது வசதி படைத்தோரின் சில்லறைத் தொல்லை, அரசியல் ஏட்டுக்கு இதில் என்ன வேலை என்று கேட்போரும் உளர். பேறுகாலப் பெண்ணைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்வதும் அந்த வண்டிதான். மாதந்தோறும் லீசிங் கம்பனிக்குக் கடன் கட்டும் ஆசிரியரும் சிறு வியாபாரியும் ஏறுவதும் அந்த வண்டிதான் என்பதை அவர்கள் அறியார் போலும்.

கற்பிட்டி நகருக்கு அப்பால், ஒருபுறம் களப்பும் மறுபுறம் கடலும் நெருக்க நீண்டு கிடக்கும் மணற்றிட்டு உச்சமுனை. மீனவக் குடும்பங்கள் வாழும் ஊர். அங்கு செல்வோர் தம் வாகனத்தைக் கற்பிட்டிக் கரையில் விட்டுவிட்டுப் படகேறுவதே வழக்கம். உறவினரைக் காணச் செல்வோரும், தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலைமேற் சறுக்கி விளையாட வருவோரும் அவ்வாறே செய்கின்றனர். இரண்டொரு நாள் கழித்துக் குழந்தை குட்டிகளோடும் மூட்டை முடிச்சுகளோடும் கரையிறங்கி, திறப்பின் பொத்தானை அழுத்தினால் கதவு திறவாது. திறப்புக்குள் ஒளிந்திருக்கும் சிறு இரும்புச் சாவியால் ஒருவாறு திறந்து உட்கார்ந்தாலோ, முகப்புப் பலகையில் ஏழெட்டு விளக்குகள் ஒருங்கே மின்னும். அல்லது ஒரு விளக்கும் எரியாது. அவற்றினிடையே யப்பானிய எழுத்தில் ஏதோ ஒரு வாசகம் ஓடி மறையும். இக்கதையைக் குடாநாட்டில் வண்டி வைத்திருப்போர் பலரும் ஒருவர் சொன்னதுபோலவே மற்றவரும் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இதன் காரணம் மாயமன்று. ஹைபிரிட் எனப்படும் வண்டியில் இரு பற்றரிகள் உண்டு. ஒன்று சக்கரத்தை உருட்டத் துணைசெய்வது. நூற்றுக்கு மேற்பட்ட வோல்ற் அழுத்தம் உடையது. மற்றையது எந்தக் காரிலும் உள்ள 12 வோல்ற் பற்றரி. பெரியது நிறைந்திருந்தாலும், சிறியது செத்துவிட்டால் வண்டியின் கணினிகள் விழிப்பதில்லை. அவை விழிக்காவிடின் பெரிய பற்றரியின் மின்சாரம் ஓர் அங்குலமும் நகராது. களஞ்சியத்தில் நெல் நிறைந்திருக்கக் காவற்காரன் திறப்போடு உறங்கிப்போன கதைதான். பழகித் தேய்ந்த சிறிய பற்றரியோடு, மேலதிகமாகப் பூட்டிய எச்சரிக்கை மணியும் வழிக் கமராவும் வண்டி நின்றிருக்கும்போதும் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தால் காவற்காரன் உறங்காமல் என் செய்வான்? 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தில் வாரக்கணக்காக முற்றத்தில் நின்ற வண்டிகள் பலவற்றுக்கு நேர்ந்ததும் இதுவே.

கடற்கரைக்கே உரிய நோய் ஒன்றும் உண்டு. உப்புக்காற்று வயர்களின் பொருத்துகளிற் புகுந்து செம்பின்மேற் பச்சைக் களிம்பு பூக்கச் செய்கிறது. வண்டியின் இரும்புடலோடு பூட்டிய ஏர்த் வயரின் முனையில் அக்களிம்பு படிந்துவிட்டால், பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் எயார்பாக்கிலும் கோளாறு என்று கணினி ஒரே நேரத்தில் முறையிடும். உண்மையிற் கெட்டது ஒரு முனை; மாற்றப்படுவதோ மூன்று நான்கு உதிரிப்பாகம். முதல் கராஜில் உணர்கருவி, இரண்டாவதில் கணினிப் பெட்டி, மூன்றாவதில் மீண்டும் பற்றரி எனப் பணம் கரைந்தபின், எவரோ ஒரு பாஸ் அம்முனையை உரஞ்சித் துப்புரவு செய்ய விளக்குகள் அத்தனையும் அணைந்துபோகும்! இன்னுமொன்று: பல வகை வண்டிகளில் பெரிய பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி, பின்னாசனத்தின் அருகேயுள்ள துவாரத்தால் உள்ளறைக் காற்றை இழுக்கிறது. கடற்கரை மணலும் துணிநாரும் அதனை அடைத்துவிடும். போதாக்குறைக்கு நனைந்த துவாயையும் பயணப்பையையும் அதன் மேலேயே போட்டுவிடுகிறோம். பற்றரி சூடேறி ஆயுள் குன்றுகிறது.

உச்சமுனைப் படகோட்டி இவ்விடயத்தில் நம்மிலும் அறிவாளி. கரைக்கு வந்ததும் படகு மோட்டாரை நன்னீரால் அலசுவார். பற்றரி முனைகளைத் துடைத்துக் கிறீஸ் பூசுவார். உப்போடு வாழ்பவர் உப்பின் குணம் அறிவார். ஜீப் வண்டிக்காரரோ தரையிற் செல்லும் வண்டிக்குக் கடலினால் என்ன கேடு என்றிருக்கின்றார். பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி வரையுமுள்ள அந்தத் தெருவில் கண்ணாடியை இறக்கிவிட்டு வந்தவர் எவரும் முகத்தைத் துடைத்துப் பார்த்திருந்தால் அவ்வாறு கேட்கமாட்டார். அதே தெருவோரத்தில்தான் 900 மெகாவாற் வலுவுடைய நுரைச்சோலை அனல்மின் நிலையம் நாட்டுக்கே மின்சாரம் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதன் புகைக்கூண்டைப் பார்த்தவாறே 12 வோல்ற்றுக்குக் கையேந்தி நிற்கின்றது குடும்பம்!

உப்புக்கும் மணலுக்கும் எந்த அரசாங்கத்தையும் நாம் குறைகூற வரவில்லை. வண்டி யப்பானில் உருவானபோதே அதனுள் இருந்த பழுதைப் பற்றியே நம் முறைப்பாடு.

இந்நாட்டுக் குடும்பங்கள் மிக விரும்பி வாங்கிய சிறு ஜீப்களுள் ஒன்று ஹொண்டா வெசல். 2013 டிசம்பரில் யப்பானில் விற்பனைக்கு வந்தது. 2014 பெப்ரவரியில், இதன் ஹைபிரிட் வகையும் ஃபிற் ஹைபிரிட் காரும் சேர்ந்த எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள், கியர் மாற்றத்தை ஆளும் கணினியின் கட்டளைத் தொடரில் பிழையெனத் திருப்பி அழைக்கப்பட்டன. அதே ஆண்டு யூலையில், வண்டி எதிர்பாராது வேகமெடுக்கக்கூடும் என்று 1,75,356 வண்டிகள். ஒக்டோபரிலோ 4,25,825 வண்டிகள். இம்முறை குற்றவாளிகள், எரிபொருளைப் பற்றவைக்கும் மின்சுருளும், மின்சுற்றில் இரைச்சலை அடக்கவென வைத்த ஒரு சிறு பாகமுமாம். ஓடும்போதே எஞ்சின் நின்றுவிடலாம் என்பது அவ்வறிவித்தலின் சாரம். ஒரு வருடத்துக்குள் மீண்டும் மீண்டும் நேர்ந்த இத்தலைக்குனிவுக்காகக் கம்பனியின் தலைவர் மூன்று மாதச் சம்பளத்தில் ஐந்திலொரு பங்கை விட்டுக்கொடுத்தார். யப்பானில் வெசல் வைத்திருந்தவரின் வீட்டுக்குக் கடிதம் சென்றது. அவர் வண்டியைக் கொண்டுபோனார். காசின்றித் திருத்திக் கொடுத்தார்கள்.

அவ்வண்டிகளுட் பல அங்கு ஓடிக் களைத்தபின் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தன. திருத்தப்பட்டு வந்தவையும் உண்டு. கடிதம் சென்ற வேளையில் ஏலக் களத்திலோ கப்பலிலோ கிடந்தவையும் இருக்கக்கூடும். எது திருந்தியது, எது திருந்தாதது என்று கற்பிட்டியில் வாங்கியவருக்கு யார் சொன்னார்கள்? ஏலத்தில் எடுத்து அனுப்பியவருக்கு அனுப்பியதோடு அலுவல் முடிந்தது. இங்குள்ள முகவர் தாம் விற்ற வண்டியைத்தானே அறிவார். இறக்குமதி செய்து விற்றவரோ வர்ணத்தின் மினுக்கத்தையும் ஓடிய மைல்களின் குறைவையும் காட்டினார். யப்பானியக் கம்பனியின் இணையத்தளத்தில் சேசிஸ் இலக்கத்தை இட்டால் அவ்வண்டியின் சாதகம் முழுவதும் வருமாம். வருவது யப்பானிய மொழியில்!

மொழியென்றதும் நம் நெஞ்சிற் பழைய வடு ஒன்று நோகின்றது. 1956இல் தமிழை அலுவலக வாயிலுக்கு வெளியே நிறுத்திய நாட்டில், 1987இன் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. ஏட்டில் உள்ளது அது. இந்த வண்டிகளின் விடயத்திலோ சிங்களவரும் நம்மோடு சேர்ந்து ஊமையராய் நிற்கின்றனர். செம்மஞ்சள் நிறக் கம்பியைத் தொடாதே, அதில் உயிரைப் போக்கும் மின்னழுத்தம் உண்டு என்ற ஒரு வாசகத்தைத் தமிழிலோ சிங்களத்திலோ எழுதி, வண்டியின் முன்மூடிக்குக் கீழே ஒட்டவேண்டுமென்று துறைமுகத்தில் விதித்தால் யாருக்கு என்ன நட்டம்? கிராமத்துக் கராஜில் வேலை பழகும் பதினெட்டு வயதுப் பையன் யப்பானிய எழுத்தைப் படித்துவிட்டா கை வைக்கிறான்? சிறிய பற்றரியை மாற்றியவுடன் றேடியோப் பெட்டி பூட்டிக்கொண்டு இலக்கமொன்று கேட்பதும், அதனைத் திறக்கவென ஒரு தனித் தொழிலே இந்நாட்டில் உண்டாகியிருப்பதும் சிரிப்புக்குரியவை. உயிரோடு விளையாடும் எழுத்து அவ்வாறன்று.

கம்பனிகள் தாமாகவே உண்மையைச் சொல்லும் என்று நம்புவோர்க்கு மிட்சுபிசியின் வரலாற்றை நினைவூட்டுகிறோம். நம் மந்திரிமாரின் மனங்கவர்ந்த பெரிய ஜீப்களைச் செய்த அதே கம்பனி, வாடிக்கையாளரின் முறைப்பாடுகளை இருபது ஆண்டுகளுக்கு மேலாக மறைத்து வந்ததை 2000ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. அதிகாரிகள் உட்புகுந்து தேடிய பின்னரே அது வெளிவந்தது. அமெரிக்கா 1966இலேயே வாகனப் பாதுகாப்புக்குச் சட்டம் இயற்றியது. அத்துணைத் தூரம் போகவும் வேண்டாம். பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தியாவில், 2019இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, பழுதுள்ள வண்டிகளைத் திருப்பியழைக்கும் விதிகள் 2021 ஏப்பிரல் முதலாந் திகதி தொடக்கம் நடைமுறையில் உள்ளன; மீறும் கம்பனிக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டம். அதற்கு முன்னரே, 2020 டிசம்பரில், பற்றரியில் தீப்பற்றும் அபாயம் பற்றி எழுந்த ஐயத்தால் ஹுண்டாய் கோனா மின்சார ஜீப்கள் 456 இந்தியாவில் அழைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டன. அங்கே கம்பனியே நேரில் விற்றது. எனவே யாரை அழைப்பது என்று அதற்குத் தெரிந்திருந்தது. யாரோ ஏலத்தில் எடுத்து யாரோ கொண்டுவந்த வண்டியை எந்தக் கம்பனி தேடி வரும்? அவ்விடத்தை நிரப்ப வேண்டியது அரசாங்கமேயன்றி வேறெவருமல்லர்.

இயலாத காரியம் என்பார்கள். ஆட்பலமில்லை, பணமில்லை, விவரமில்லை என்பார்கள். 2022 யூலையில் என்ன நடந்தது? பெற்றோலைப் பங்கிட வேண்டுமென்ற நிலை வந்ததும், தேசிய எரிபொருள் அட்டை என்ற திட்டத்தின் கீழ் வாகன இலக்கம், சேசிஸ் இலக்கம், சொந்தக்காரரின் அடையாள அட்டை, கைத்தொலைபேசி இலக்கம் அத்தனையையும் சில வாரங்களில் மக்களிடமிருந்து பெற்றுக் கணினியில் ஏற்றினார்கள். அது நன்று; நாமும் அன்று அதனைப் பாராட்டினோம். வாரத்துக்கு எத்தனை லீற்றர் என்று சொல்ல ஒருவரின் கைத்தொலைபேசிக்கு வழி கண்டவர்களால், உமது வண்டியின் மின்சுருள் பழுதென யப்பானில் அறிவிக்கப்பட்டுள்ளது என்று சொல்ல மட்டும் வழி காண முடியாதா? பட்டியல் யப்பானியப் போக்குவரத்து அமைச்சின் வெளிப்படையான அறிவித்தல்களிற் கிடக்கிறது. சேசிஸ் இலக்கங்கள் நம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உள்ளன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க ஓர் எழுதுவினைஞரும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் போதும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்தில் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டிற் புதிய வண்டி வராமையால் பழையவற்றையே ஒட்டிப் பூட்டி ஓடினோம். 2014இன் வண்டிகள் இன்னும் பாலாவித் தெருவில் ஓடுகின்றன. இப்போது வந்திறங்குபவையோ முன்னிலும் கூடிய மின்சாரமும் கணினியும் நிறைந்தவை. சில முற்றாக மின்சாரத்திலேயே ஓடுபவை. பழைய வண்டியின் பாடத்தைப் படிக்காமலே புதியதற்கு வரி வாங்கத் தொடங்கியாயிற்று. ஆண்டுதோறும் புகைச் சோதனை செய்தாலன்றி வருமான அனுமதிப்பத்திரம் தருவதில்லை. அச்சோதனை நிலையத்திலேயே, இவ்வண்டி திருப்பியழைக்கப்பட்டதா, திருத்தப்பட்டதா என்பதை ஒரு வரியில் அச்சிட்டுத் தமிழிலும் சிங்களத்திலும் கொடுக்கலாம். இறக்குமதியாளர் சங்கத்தார் இதனால் விற்பனை விழுந்துவிடும் என்று கூக்குரலிடுவர். பழுதை மறைத்தாற்றான் நடக்கும் வியாபாரமென்றால் அது விழட்டும்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை என்று ஒன்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டானது. அரிசி விலையைப் பார்க்கும் அதன் கண் இப்பக்கமும் சற்றுத் திரும்பலாம்.

வாகனம் வைத்திருக்கும் நம் வாசகர்க்கு இப்போதே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குத் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதுங்கள். யப்பானில் திருப்பியழைக்கப்பட்ட வண்டிகளின் சேசிஸ் பட்டியலைத் திணைக்களம் எப்போதேனும் பெற்றதுண்டா, பெற்றிருந்தால் என் வண்டியின் இலக்கம் அதில் உண்டா என்று கேளுங்கள். தகவலைத் தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்தாக வேண்டும். வரும் பதில்களின் பிரதிகளை நமக்கு அனுப்பினால், பெயரை விடுத்து, வந்தபடியே இப்பக்கத்தில் வெளியிடுவோம்.