கரை இறங்கினோம், ஊர் பார்த்தோமா?

பிள்ளைகள் பிரான்ஸில் இருந்தால் பெற்றோருக்கு ரைன் நதிக் கப்பல் பயணம் என்பது இப்போது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. நானும் மனைவியும் பாசலிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வரை போய் வந்தோம். கப்பலைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. என் வழக்கெல்லாம் கரையில் இறக்கி 'ஊர் காட்டுகிறோம்' என்று அவர்கள் நடத்தும் ஓட்டத்தின் மீதுதான்.

காலையில் ஆளுக்கொரு காதுக்கருவி தருவார்கள். எண் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி வழிகாட்டி முன்னே போக, நாற்பது பேர் பின்னால் ஓட வேண்டும். நடை இரண்டு மணி நேரம். அதில் முக்கால் மணி கடைகளுக்கு.

ஸ்ட்ராஸ்பூர் கதீட்ரலைப் பாருங்கள். கோபுரத்தின் உயரம் 142 மீட்டர். 1874 வரை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். உள்ளே இருக்கும் வானியல் கடிகாரத்தில் பகல் 12.30க்கு அப்போஸ்தலர்கள் கிறிஸ்துவின் முன் வரிசையாகப் போவார்கள், சேவல் கூவும். அந்த 12.30க்கு நாங்கள் கப்பலில் சூப் குடித்துக்கொண்டிருந்தோம்!

பிற்பகல் சுற்றுலாவை நாங்கள் இருவரும் விட்டுவிட்டோம். கதீட்ரலிலிருந்து மெல்ல நடந்து பிளாஸ் த லா ரெப்பூப்ளிக் போனோம். அங்கே 1936இல் திறந்த போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஒரு தாய், மடியில் சாகும் நிலையில் இரண்டு மகன்கள். ஒருவன் பிரான்ஸுக்காகவும் மற்றவன் ஜெர்மனிக்காகவும் போரிட்டவர்கள். உடம்பில் சீருடை இல்லாததால் யார் எந்தப் பக்கம் என்று தெரியாது. 1871, 1918, 1940, 1944 என்று நான்கு முறை கை மாறிய ஊர் அது. முதல் உலகப் போருக்கு அந்த ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் ஜெர்மன் சீருடையில்தான் போனார்கள்.

அதில் பொறித்திருப்பது 'இறந்த நம்மவர்க்கு' என்று மட்டுமே. நம் கடற்கரைச் சாலை நினைவிடத்தில் பிரெஞ்சிந்திய வீரர்கள் 'பத்ரி'க்காக, அதாவது தாய்நாட்டுக்காக, இறந்தார்கள் என்று பொறித்திருக்கிறது. பள்ளியில் நாம் எத்தனை முறை எழுதிய சொல் அது! ஸ்ட்ராஸ்பூரில் அந்தச் சொல்லே இல்லை. எந்தத் தாய்நாடு என்று எழுதுவார்கள்? சொல்தா குடும்பங்கள் உள்ள ஊரிலிருந்து போன எனக்கு அங்கே நெஞ்சடைத்தது. எங்கள் வழிகாட்டி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கொலோனிலும் இதே கதைதான். 1248இல் தொடங்கி 1880இல் முடித்த கதீட்ரலுக்கு இருபது நிமிடம் தந்தார்கள். பிறகு ஓ த கொலோன் கடை. அந்த ஊர் நடைபாதைகளில் உள்ளங்கை அகலப் பித்தளைத் தகடுகள் பதித்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நாஜிகள் பிடித்துக்கொண்டுபோன ஒருவரின் பெயர், அவர் வாழ்ந்த வீட்டின் வாசலிலேயே. எங்கள் கூட்டம் அவற்றை மிதித்துக்கொண்டு போனது.

"முட்டி வலியோடு தனியாக அலைய முடியுமா?" என்று கேட்பீர்கள். முட்டியைக் கெடுப்பதே அந்த ஓட்டம்தான் ஐயா. தனியாகப் போனால் பெஞ்சில் உட்காரலாம், டிராமில் ஏறலாம், ஒரு காப்பி குடிக்கலாம். வழி கேட்க நம்மில் பலருக்குப் பிரெஞ்சும் இருக்கிறது. தனியே போகப் பயம் என்றால் முதல் ஒரு மணி நேரம் குழுவோடு போங்கள். கடை நேரம் வந்ததும் சொல்லிவிட்டுப் பிரிந்துவிடுங்கள். கப்பல் புறப்படும் நேரத்தையும் துறையின் பெயரையும் சட்டைப் பையில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

சனி ஞாயிறுகளில் நம் கடற்கரைக்கு வருபவர்கள் நினைவிடத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு, அது யாருக்காக என்று கேட்காமலே போகிறார்கள் என்று நாம் குறைப்படுகிறோம். அடுத்தவர் ஊரில் நாமும் அதையே செய்துவிட்டு, 'ஏழு ஊர் பார்த்தோம்' என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். ஊருக்கு ஒன்று பார்த்தாலும் நின்று பாருங்கள்.