பேராசிரியருக்கு ஓ.டி. கிடைக்குமா?

ஒரு பேராசிரியருக்குத் தொழில்முனைவுத் திறன் இருக்கிறதா என்று நம் பொறியியல் கல்லூரிகள் எப்படிக் கண்டுபிடிக்கின்றன? காப்புரிமை எண்ணிக்கையை வைத்துத்தான். இந்தியாவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தால் 18 மாதத்தில் அது தானாகவே காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகிவிடும். கூடுதல் கட்டணம் கட்டினால் இன்னும் சீக்கிரம். அதுவரை கண்டுபிடிப்பு புதியதா, செல்லுமா என்று எவரும் சோதித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் கல்லூரிகளுக்கான மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில், 'வெளியானது' என்பதற்கே மதிப்பெண் உண்டு. பிறகு துறைக்கு இத்தனை காப்புரிமை என்று நிர்வாகம் கேட்காமல் இருக்குமா?

எண்ணிக்கையில் வராத திறமையைப் பார்க்கச் சென்னை ஐ.ஐ.டி.க்குப் போக வேண்டும். அங்கே இயந்திரப் பொறியியல் பேராசிரியர் சுஜாதா சீனிவாசனின் குழு, மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளில் வேலை செய்கிறது. முகாம்களில் இலவசமாகக் கொடுக்கும் சக்கர நாற்காலியைக் கவனித்திருப்பீர்கள். குட்டையானவருக்கும் நெட்டையானவருக்கும் பெரும்பாலும் அதே அளவுதான். நாள் முழுக்க அதிலேயே உட்கார்ந்திருந்தால் புண் வரும், ரத்த ஓட்டம் குறையும். அமர்ந்திருப்பவர் பிறர் கை கொடுக்காமல் தானே எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' நாற்காலியை இந்தக் குழு 2019-இல் வெளியிட்டது. பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை பண உதவி செய்தது. சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரித்தது. அப்போது விலை சுமார் 15,000 ரூபாய்.

அதோடு விடவில்லை. அதே ஆய்வகத்திலிருந்து நியோமோஷன் என்ற நிறுவனம் கிளம்பியது. அதன் 'நியோஃப்ளை' நாற்காலியை உட்காருபவரின் உடல் அளவுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளலாம். முன்பக்கம் 'நியோபோல்ட்' என்ற மோட்டார் இணைப்பை மாட்டினால், மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் சாலையில் போகலாம். வேலைக்குப் போக ஆட்டோவுக்குக் காத்திருந்தவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

இதில் பேராசிரியர் காட்டிய திறமைகள் எவை? பயன்படுத்துபவரின் சிரமத்தை ஆய்வுக் கேள்வியாக மாற்றியது, பண உதவி தேடியது, தயாரிப்பாளரைப் பிடித்தது, வாங்குபவரின் கைக்கு எட்டும் விலையை வடிவமைப்பின் நிபந்தனையாக வைத்தது. எல்லாவற்றையும்விட அரிது, நிறுவனத்தை நடத்தும் பொறுப்பைத் தன்னிடம் படித்த இளைஞரிடம் ஒப்படைத்தது. ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் யாருடையது என்பதற்கே மனஸ்தாபம் வரும் உலகம் இது.

விற்கத் தெரியாதவர்கள் நம் ஆசிரியர்கள் என்று சொல்வது அநியாயம். மே, ஜூன் மாதங்களில் தனியார் கல்லூரி ஆசிரியர்கள் அட்மிஷன் பிடிக்க வீடு வீடாக ஏறி இறங்குவது ஊரறிந்தது. அத்தனை படி ஏறியவரை ஒரு தொழிற்பேட்டைக்கு அனுப்பத்தான் கல்லூரிக்கு மனம் வருவதில்லை.

ஐ.ஐ.டி.யின் வசதியைச் சாதாரணக் கல்லூரியோடு ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும் என்கிறது யு.ஜி.சி. விதி. அதற்கு மேல் விடைத்தாள், 'நாக்' தர மதிப்பீட்டுக் கோப்புகள். மத்திய அரசின் 2019 ஸ்டார்ட்அப் கொள்கை, நிறுவனம் தொடங்கும் ஆசிரியருக்கு ஒரு செமஸ்டரோ ஓராண்டோ விடுப்புத் தரலாம் என்கிறது. அது பெரிய படி, எல்லோருக்கும் தேவைப்படாது.

சின்னதாகத் தொடங்கலாம். ஆசிரியர் மாநாட்டுக்குப் போனால் ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது பணி நாளாகவே கணக்கு) தருகிறார்கள், சான்றிதழைக் கோப்பில் சேர்க்கிறார்கள். கோவையில் ஒரு பம்ப் பட்டறையில் உட்கார்ந்து, மோட்டார் ஏன் அடிக்கடி புகைகிறது என்று கேட்டுவர அரை நாள் வேண்டுமென்றால், அதே ஆசிரியர் சொந்த விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த அரை நாளுக்கும் ஓ.டி. என்று கல்லூரி முதல்வர் ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும், யு.ஜி.சி. அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.