எல்லைக்கல்லுக்கு முன் கிராம சபை

2024 ஜனவரியில் ஈரோடு மாவட்டத்தின் அந்தியூர், கோபி வட்டங்களில் ஏறத்தாழ 805 சதுர கிலோமீட்டர் காடு தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பை வரவேற்கிறோம். சத்தியமங்கலத்தையும் கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலை, பிலிகிரிரங்கன் மலைக் காடுகளையும் இணைக்கும் நிலம் அது. யானைகளின் வலசை அறுபடாதிருக்க அது வேண்டும். ஆனால் அந்தக் காட்டில்தான் பர்கூர் மலையின் சோளகர்களும் லிங்காயத்துகளும் தலைமுறைகளாகப் பட்டி போட்டுச் செம்மறை மாடு வளர்த்து வருகிறார்கள். பகலெல்லாம் மேய்ச்சல், இரவில் முள்வேலிப் பட்டி, சாணம் சமவெளி வயலுக்கு எரு, விற்கும் மாடுகள் ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்கு. கட்டுத்தறியில் தீனி போட்டு வளர்க்கும் இனமல்ல இது. மேய்ச்சல் நின்றால் மாடும் நிற்காது. சரணாலயங்களில் கால்நடை மேய்க்கக் கூடாது என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பதால், காட்டின் பெயர்ப்பலகை மாறினாலே மேய்ப்பவர் குற்றவாளி ஆகிவிடுகிறார். மேய்ச்சலை உரிமையாக ஏற்கும் 2006 வன உரிமைச் சட்டமோ சரணாலயங்களுக்கும் பொருந்தும்.

மாடுகள் போனால் காடு தானாகத் தழைக்கும் என்பது பரத்பூரில் பொய்த்த நம்பிக்கை. அங்குள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1982இல் மேய்ச்சலைத் தடுத்தார்கள். எதிர்த்த கிராமத்தார் மீது துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வோ, எருமைகள் மேயாததால் புல் மண்டி ஈரநிலம் தூர்ந்து, நீர்ப்பறவைகளுக்கே கேடானது என்று காட்டியது. ஈரநிலத்துக்குச் சொன்னதை மலைக்காட்டுக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆய்வு செய்யாமல் போடும் தடை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அது போதுமான சான்று.

மாடுகளால் காட்டெருதுகளுக்குக் கோமாரி தொற்றும், மந்தை பெருத்தால் மானுக்குப் புல் இருக்காது என்கிறார்கள் சூழலியலாளர்கள். இரண்டும் நியாயமான அச்சங்கள். தடுப்பூசி, மந்தைக்கு உச்சவரம்பு, நீர்நிலையோரம் பட்டி கூடாது என்ற கட்டுப்பாடு ஆகியவை அவற்றைத் தவிர்க்கும் வழிகள். இவற்றை யார் கண்காணிப்பது? வனக்காவலர் ஒருவர் எத்தனை மலை ஏறுவார்? காட்டையும் வனவிலங்கையும் காக்கும் அதிகாரத்தை அதே வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குத் தந்திருக்கிறது. உரிமை கொடுத்தால் ஆக்கிரமிப்பு பெருகும் என்பதும் சரியல்ல. 2005 டிசம்பர் 13க்குப் பிந்தைய குடியேற்றத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. பக்கத்துப் பிலிகிரிரங்கன் மலையில், புலிகள் காப்பகத்துக்குள்ளேயே, 2011இல் சோளகர்களின் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை வழங்கப்பட்டது.

பர்கூரிலும் அதைச் செய்ய முடியும். மேய்ச்சல் உரிமை மனுக்களை முடித்துப் பட்டா வழங்கிவிட்டு, மேலாண்மைத் திட்டத்தைக் கிராம சபைகளின் முன் வைத்து அரசு எழுதட்டும். அடுத்த சரணாலயத்துக்கு இந்த வரிசை அறிவிப்புக்கு முன்பே தொடங்க வேண்டும்.