கடைசிப் பந்தி

கிறிஸ்தவ நண்பர்களின் கல்யாணப் பத்திரிகையில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு குறிப்பு: 1 கொரிந்தியர் 13. அன்பைப் பற்றி பவுல் எழுதிய அதிகாரம். கோயிலில் அதைப் படிக்கும்போது மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பார். பெண் வீடியோக்காரரைப் பார்ப்பார். மாமியார் இரண்டு பேரையும் பார்ப்பார்.

நல்ல விஷயம்தான். ஆனால் அது கல்யாணத்துக்காக எழுதினதே இல்லை. சண்டைக்காரர்களுக்காக எழுதினது!

கொரிந்து, கிரேக்க நாட்டில் பணம் புரண்ட ஒரு துறைமுக ஊர். சுமார் கி.பி. 55-ல் அங்கிருந்த சின்னஞ்சிறு சபையில் ஏகப்பட்ட கோஷ்டி. நான் பவுல் ஆள், நான் அப்பொல்லோ ஆள், நான் கேபா ஆள் என்று நம்ம கட்சிக்காரர்களே வெட்கப்படும் அளவுக்குப் பிரிந்து கிடந்தார்கள். ஒருத்தர் மேல் ஒருத்தர் கோர்ட்டில் வழக்கு வேறு. எல்லாவற்றையும் விட பவுலுக்குக் கோபம் வந்தது சாப்பாட்டு விஷயத்தில். சபையில் எல்லாரும் கூடிச் சாப்பிடுவது வழக்கம். வசதியானவர்கள் முந்திக்கொண்டு வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். இல்லாதவர்கள் பட்டினி. இந்த ரகளையைக் கண்டித்து எழுதியது 11-ஆம் அதிகாரம். அன்பைப் பற்றி எழுதியது 13. நடுவில் ஒரே ஓர் அதிகாரம்தான்.

ஆக, அது பந்தியில் பிறந்த பாடம்.

இன்னொன்று. பொறுமை, தயவு, பொறாமைப்படாமல் இருப்பது என்று அங்கே ஒரு பட்டியல் வருகிறது. கிரேக்க மூலத்தில் அவை எல்லாம் வினைச்சொற்கள். அதாவது அன்பு என்பது நெஞ்சுக்குள் படபடக்கும் சமாசாரம் இல்லை சார், கையால் செய்கிற வேலை. பழைய தப்புக்கு நோட்டுப் போட்டுக் கணக்கு வைக்காமல் இருப்பதும் அதில் சேர்த்தி. "2009 தீபாவளிக்கு உங்க அம்மா என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பிக்கும் குடும்பங்கள் கவனிக்கவும்.

கொரிந்து ரொம்ப தூரம் என்று நினைக்க வேண்டாம். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூர் என்று ஓர் ஊர். பெரிய ஜெபமாலை அன்னை கோயில். ஒரே ஜெபம், ஒரே பைபிள். ஆனால் கோயிலில் உட்காரும் இடத்திலும், இறுதி ஊர்வலம் போகும் பாதையிலும் தங்களுக்குப் பாகுபாடு என்பது தலித் கிறிஸ்தவர்களின் நெடுநாள் புகார். எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று கேட்டார்கள். வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் அவர்களுக்கும் மோதல் முற்றி, 2008 மார்ச் 9 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. அந்த 13-ஆம் அதிகாரம் இரண்டு தரப்பு வீட்டு பைபிளிலும் இருந்தது!

யாரும் கேட்கவே இல்லையா? கேட்டார்கள். கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார், சபைக்குள் ஜாதி கூடாது என்று சொல்லித் தன் லைப்சிக் மிஷனை விட்டே வெளியே வந்தார். 1860-களில் பண்ருட்டிக்குப் பக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் வேலையைத் தொடங்கினார். டென்மார்க் மிஷன் அவருக்குத் துணை நின்றது. அந்த மிஷன் பெயரில்தான் திருக்கோவிலூரில் ஆஸ்பத்திரி இருக்கிறது.

"இது அவங்க சமாசாரம்" என்று மற்றவர்கள் நழுவ முடியாது. கல்வராயன் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்குச் சுதந்திரம் 1947-ல். மலையில் ஜாகிர்தார்கள் ஆதிக்கம் முடிந்தது 1976-ல். அதுவரை மலையாளி மக்கள் ஜாகிர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்தார்கள். சுதந்திரப் பந்தியிலும் சிலருக்குக் கடைசி இலை. 29 வருஷம் காத்திருந்தார்கள்.

இதெல்லாம் பெரிய கதை. சின்னக் கதை நம் வீட்டில் ஓடுகிறது. ராத்திரி ஒன்பது மணி. அப்பாவுக்கு முதல் தோசை. பிள்ளைக்கு மொறுமொறுவென்று இரண்டாவது. "இன்னொண்ணு" என்று டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒரு குரல். கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு, ஆறிப்போன தோசையும் அடிச்சட்டிச் சட்னியுமாகத் தரையில் உட்காருவது யார்? அம்மா. அல்லது மனைவி. ஆபீஸில் எல்லாருக்கும் ஒரே மாதிரி கப், பெருக்குகிற அம்மாவுக்கு மட்டும் ஜன்னலோரத்தில் தனி டம்ளர். யாரும் சட்டம் போடவில்லை. பழகிவிட்டது, அவ்வளவுதான். எறையூரிலும் பழக்கம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

யேசுநாதர் கதையில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிவிட்டது, யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன். நமக்கு அந்த அளவு வாய்ப்பு தினமும் கிடைக்காது. தோசைக் கரண்டி கிடைக்கும். இன்றைக்கு ராத்திரி அதை வாங்கிக்கொண்டு, "நீ உக்காரு, நான் ஊத்தறேன்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் தோசை இலங்கை மேப் மாதிரி வரும். பரவாயில்லை. வீட்டில் கட்டாயம் சந்தேகப்படுவார்கள். "என்ன, பணம் ஏதாவது தொலைச்சிட்டு வந்தியா?" என்று கேட்பார்கள்.

ஒரு வாரம் விடாமல் ஊற்றினால்தான் நம்புவார்கள். பவுல் பட்டியலில் பொறுமையை முதலில் போட்டது சும்மா இல்லை.