சிறுநீரகம் கொடுத்த மனைவிக்கு லீவு உண்டா?

சிறுநீரக மாற்று ஆபரேஷன் முடிந்து ஒருவர் வீடு திரும்புகிறார். தெருவே திரண்டு வந்து பார்க்கிறது. ஆரஞ்சுப் பழம் வருகிறது. ஹார்லிக்ஸ் பாட்டில் வருகிறது. "மறுபிறவி எடுத்து வந்திருக்கிறீர்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

அந்தச் சிறுநீரகத்தைக் கொடுத்த மனைவி எங்கே?

சமையல் அறையில் இருக்கிறார். வந்தவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டு இருக்கிறார்!

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. திருவொற்றியூர் ஆனாலும் சரி, திருநெல்வேலி ஆனாலும் சரி, இதுதான் நடக்கிறது. நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போதே சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். பெற்றுக்கொள்பவர்களில் ஆண்களே அதிகம். தாய் கொடுக்கிறாள், தமக்கை கொடுக்கிறாள், தாரம் கொடுக்கிறாள். கொடுத்தவளுக்கு என்ன கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

எம்.ஜி.ஆருக்குக் கொடுத்தவர்

எம்.ஜி.ஆர். 1984-ம் ஆண்டு நோயுற்றார். அமெரிக்காவில் புரூக்ளினில் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லப்பட்டார். டிசம்பரில் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்கப்பட்டது. 1985 பிப்ரவரியில் அவர் சென்னை திரும்பினார். மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று வரவேற்றார்கள். அந்த நாளை மறக்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சிறுநீரகம் கொடுத்தவர் யார்? எம்.ஜி.ஆரின் அண்ணன் சக்கரபாணியின் மகள் லீலாவதி. அந்தப் பெயர் எத்தனை பேருக்கு நினைவு இருக்கிறது?

எம்.ஜி.ஆர். 1987 வரை வாழ்ந்தார். லீலாவதி 2021 வரை வாழ்ந்தார். ஒரே சிறுநீரகத்தோடு ஏறக்குறைய 37 ஆண்டுகள்! ஆகவே, "கொடுத்தால் ஆயுள் குறைந்துவிடும்" என்று பயப்பட வேண்டியது இல்லை. உலகில் முதன்முதலாக வெற்றி பெற்ற சிறுநீரக மாற்று 1954 டிசம்பர் 23-ந் தேதி பாஸ்டன் நகரில் நடந்தது. அதில் தன் இரட்டைச் சகோதரருக்குச் சிறுநீரகம் கொடுத்த ரொனால்டு ஹெரிக், 79 வயது வரை வாழ்ந்தார்.

ஆனால் ஒன்று. கொடுத்தவர் நன்றாக வாழ வேண்டுமானால், கொடுத்தவரையும் கவனிக்க வேண்டும்.

ஒரு குடம் எவ்வளவு கனம்?

பெற்றவருக்கு என்ன கவனிப்பு என்பது எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு 'அந்நியன்' என்று நினைத்து விரட்டப் பார்க்கும். அதைத் தடுக்க ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும். காலை மாத்திரையும் இரவு மாத்திரையும் குறித்த மணிக்குத் தப்பக்கூடாது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் கைவைத்தியம் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். முதல் சில மாதங்கள் கூட்டத்தில் சேரக்கூடாது. பார்க்க வருகிறவர்களும் கூட்டமாக வரக்கூடாது!

சரி. தண்ணீரைக் கொதிக்க வைப்பது யார்? மாத்திரையை எடுத்துக் கொடுப்பது யார்? பெரும்பாலும் அதே மனைவிதான். அவர் வயிற்றிலும் தையல் இருக்கிறது. அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

சிறுநீரகம் கொடுத்தவர் சுமார் 6 வாரம் கனமான பொருளைத் தூக்கக்கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். தூக்கினால் தையல் போட்ட இடம் பலவீனப்பட்டு, குடல் இறக்கம் வரலாம். ஒரு பிளாஸ்டிக் குடத்தில் 12 முதல் 15 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதாவது 12 முதல் 15 கிலோ! லாரித் தண்ணீருக்கும் அடிபம்புக்கும் குடம் தூக்கும் தெருக்களில், இந்த 6 வாரம் குடம் தூக்கப் போவது யார்? இதை ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டும்.

42 நாள் லீவு

உறுப்பு கொடுக்கும் மத்திய அரசு ஊழியருக்கு 42 நாள் வரை சிறப்பு விடுப்பு உண்டு என்று 2023-ம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. 42 நாள் என்றால் 6 வாரம். நல்ல ஏற்பாடு.

ஆனால் காசிமேட்டில் மீன் வாங்கி, கூடை சுமந்து விற்கும் பெண்ணுக்கு யார் லீவு கொடுப்பது? கம்பெனியில் தினக்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு யார் கொடுப்பது? அடுப்படியில் இருக்கும் பெண்ணுக்கு யார் கொடுப்பது?

அவர்களுக்கு லீவு கொடுக்க வேண்டியது குடும்பம்தான். மாமியார் கொடுக்கலாம். நாத்தனார் கொடுக்கலாம். வளர்ந்த மகன் கொடுக்கலாம். சோறு வடிக்கவும் துணி துவைக்கவும் ஆண் பிள்ளைக்கும் கை இருக்கிறது!

எர்ணாவூர் சொல்லும் பாடம்

கொடுத்தவளை மறந்தால் என்ன ஆகும் என்பதை, திருவொற்றியூருக்கு அடுத்த எர்ணாவூர் நமக்குக் காட்டியது. 2004-ம் ஆண்டு சுனாமியில் வீடும் தொழிலும் இழந்த மீனவக் குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. அவர்களில் பல பெண்கள், கடன் தொல்லை தாங்காமல் சிறுநீரகத்தை விற்றுவிட்டார்கள் என்ற செய்தி 2007-ம் ஆண்டு வெளியாகி, நாட்டையே உலுக்கியது. பேசிய பணம் முழுவதும் கைக்கு வரவில்லை என்று பலர் அழுதார்கள். மீதி இருந்தது தழும்பு ஒன்றுதான்.

உறுப்பை விற்பதும் வாங்குவதும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கணவனுக்கு மனைவி கொடுப்பதும், மனைவிக்குக் கணவன் கொடுப்பதும் அதே சட்டம் அனுமதித்த தானம். விற்பனை வேறு, தானம் வேறு. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், அவள் உடம்புக்கு இரண்டும் ஒன்றுதானே?

என்ன செய்ய வேண்டும்?

கொடுத்தவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்த அழுத்தம், சிறுநீர், ரத்தத்தில் கிரியேட்டினின் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை வாங்கி விழுங்கக்கூடாது. மீதி உள்ள ஒரு சிறுநீரகத்தை அது கெடுத்துவிடலாம்.

ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பெற்றவருக்குக் கொடுப்பது போல, கொடுத்தவருக்கும் தனியாக ஒரு நோட்டு கொடுங்கள். எப்போது வர வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று 2023-ம் ஆண்டு தமிழ்நாடு அறிவித்தது. பாராட்ட வேண்டிய செயல். உயிரோடு இருந்து கொடுத்தவர்களுக்கு மாலையும் வேண்டாம், மரியாதை அணிவகுப்பும் வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர்கள் பெயரை எழுதி வைத்து, ஆண்டுதோறும் கூப்பிட்டு, இலவசமாகப் பரிசோதித்தால் போதும்.

கடைசியாக, வீட்டாருக்கு. ஆஸ்பத்திரியில் இருந்து வருகிறவருக்குக் கட்டில் போடுகிறீர்கள். ஒன்று போதாது. இரண்டு போடுங்கள்!